பத்தியம் கெடுத்தவர்

பஞ்சாபகேசனைக் கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். அவருடைய சித்தப்பா பிள்ளை டாக்டர் நாகேஸ்வரன் சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தார்.

"மன்னி, உண்மையைச் சொல்லுங்கோ. பெருங்காயம் போட்டேளா?"

சுவரில் சாய்ந்திருந்த மதுரம் இல்லை என்று தலையசைத்தாள். புருஷன் போய் இன்னும் வெயில்கூட ஏறவில்லை.

"பூண்டு? கற்பூரம் ஏத்தினேளா? என் மருந்து அப்படிக் கைவிடாது. யாரோ பத்தியத்தைக் கெடுத்திருக்கா."

கூடத்தில் பேச்சு நின்றது. நிற்கவேண்டும் என்றுதான் குரலை உயர்த்தியிருந்தார். தபாலாபீசில் முத்திரை குத்தி ஓய்வுபெற்று, தபால் மூலமாகவே ஹோமியோபதி படித்து டாக்டரானவர். எந்தச் சேதியையும் சேரவேண்டிய இடத்தில் சேர்த்துவிடுவார்.

"மன்னிக்குக் காயம் இல்லாம ரசம் எறங்காதே" என்று செத்தவரின் தங்கை பாகீரதி யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆட்சி மாறி, கூலி உயர்த்தாமல் அறுக்கமாட்டோம் என்று ஆட்கள் தன் களத்தில் கொடி நட்ட வருஷத்தில்தான் பஞ்சாபகேசனுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. குடலில் புண், ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார் தஞ்சாவூர் சர்ஜன். நாகேஸ்வரன் சிரித்தார். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறீர்கள், கனவில் என்ன வருகிறது என்று ஒரு பகல் முழுக்க விசாரித்தார். செங்கொடி வருகிறது என்றார் பஞ்சாபகேசன். செங்கொடிக்கும் மருந்து இருந்தது. கடுகளவு வெள்ளை உருண்டை.

வலி கூடியபோது மருந்து வேலை செய்கிறது என்றார் நாகேஸ்வரன். போன வாரம் மலம் தார்போலக் கறுத்தபோது, நோய் வெளியேறுகிறது என்று அண்ணாவின் கையைக் குலுக்கினார். சர்ஜனிடம் போகலாம் என்று மதுரம் அழுது பார்த்தாள். நாகுவைச் சந்தேகப்பட்டால் மருந்து பிடிக்காது என்று புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நெடி பட்டால் மருந்து செத்துவிடுமாம். அதனால் மூன்று வருஷமாக அந்த வீட்டில் ரசம் வெந்நீராக இருந்தது. சுவாமிக்கும் கற்பூரம் இல்லை. முதல் எதிரி காப்பி. அவருக்குச் சபலம் தட்டக்கூடாதே என்று மதுரமும் விட்டாள். தலைவலியோடு எழுந்து தலைவலியோடு படுத்தாள். இப்போது கொன்றவளும் அவளேதான் என்று கூடம் முடிவு கட்டிக்கொண்டிருந்தது.

வாசலில் மாலையோடு அப்துல் மஜீது வந்து நின்றார். ரயில்வே கேட் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவர். அக்ரஹாரத்து ஆட்கள் எட்டிப் பார்க்காத கடை. மாலையைக் கொடுத்துவிட்டு மதுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"செவ்வாக்கெழமைகூட வந்தாங்கம்மா. முடியல, பெஞ்சுல சாஞ்சுக்கிட்டேதான் குடிச்சாங்க. நம்ம காப்பின்னா அய்யாவுக்கு உசுரு. இத்தன வருசத்துல ஒருநாள் தவறினதில்ல."

சாயங்காலக் காற்று வயிற்றுக்கு நல்லது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய மனுஷனின் முகத்தை மதுரம் பார்த்தாள். தாடைக்கட்டோடு, ஒன்றும் தெரியாதவர்போல் இருந்தது.

பாகீரதி வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். நாகேஸ்வரன் பின்கட்டுப் பக்கம் நகர்ந்தார். அதற்குள் மஜீது அவரைப் பார்த்துவிட்டார்.

"டாக்டரய்யாவுக்குத் தெரியாததா? ரெண்டு கிளாஸ் ஒண்ணாத்தானே போடுவேன்."

நாகேஸ்வரன் தொண்டையைச் செருமினார்.

"அண்ணாவேதான் கேட்டார் மன்னி. ஒரு டம்ளர் காப்பி என்ன பண்ணிடப்போறது..."



வாத்தியார் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார். மதுரம் எழுந்து போய்ப் போட்டாள். போட்டவள் விலகாமல் புருஷனின் தலைமாட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்து நாகேஸ்வரன் வந்து நின்றார். கொஞ்சம் நகருங்கோ என்று பாகீரதி மெதுவாகச் சொன்னாள். வாத்தியார் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

மதுரம் நகரவில்லை. நாகேஸ்வரனின் வியர்த்த கையில் அரிசி ஒட்ட ஆரம்பித்திருந்தது.