இருபதாம் வரி

வண்டியை நிறுத்த இடம் கிடைத்த பிறகும் சபீக்கா இறங்கவில்லை. கைப்பையைத் திறந்து கேசட் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மூடினாள். மறுபடி திறந்தாள். வீட்டிலிருந்து ஷுவைக் பகுதிக்கு வந்து சேர்வதற்குள் இது ஐந்தாவது தடவை.

கேசட்டில் இருந்தது பாட்டு அல்ல. முத்துக்குளிக்கும் ஒரு விளையாட்டு. எண்பத்தெட்டில், பன்னிரண்டு வயதில், கூடத்து டிவியோடு இணைத்திருந்த கணினியில் அவள் எழுதியது. ஆனால் குடும்பத்துக்கும் ஊருக்கும் தெரிந்த கதை வேறு. அதை எழுதியது அண்ணன் மிஷாரி. அந்த வருடம் ஒரு கணினி மன்றம் நடத்திய போட்டி ஆண்கள் பள்ளிகளுக்கு மட்டும். "ஒரே வீடுதானே, யாரு பேர்ல போனா என்ன?" என்றாள் அம்மா. கேசட்டும் வீட்டு ரெக்கார்டரும் மிஷாரி பேரில் போயின. முதல் பரிசு வந்தது. மன்றத்தின் இதழில் நிரலும் அவன் படமும் அச்சாயின. அதன் பிறகு சபீக்கா அந்த விளையாட்டைத் தொடவே இல்லை. மிஷாரியோ கதையைச் சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் தானே நம்பிவிட்டான்.

இப்போது அவனுக்குச் சொந்தமாக ஒரு மென்பொருள் நிறுவனம். அதே விளையாட்டை டேப்லெட்டுக்குக் கொண்டுவருகிறான். பழைய வீட்டுக் கணினிகளைச் சேர்த்து வைத்திருக்கும் யஅகூப் நடத்துகிற கண்காட்சியில் இன்று வெளியீடு. டேப்லெட் பக்கத்திலேயே பழைய கேசட்டும் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டான். கேசட் சபீக்காவிடம் இருந்தது. அண்டை நாட்டுப் படை உள்ளே நுழைந்த ஆக்கிரமிப்பு வருடத்தில் அவர்கள் வீட்டுக் கணினியும் டேப் ரெக்கார்டரும் கொள்ளை போயின. அம்மாவின் காரில் பாட்டுக் கேசட்டுகளுக்கு நடுவே கிடந்ததால் இது மட்டும் தப்பியது.

நிரலின் இருபதாம் வரி மிஷாரிக்குத் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள். வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று எண் கொடுத்து எழுதிய காலம்; கணினி படிக்காமல் தாண்டிப்போகும் குறிப்பு வரி அது. அதில் தன் முழுப்பெயரை எழுதி வைத்திருந்தாள். இதழில் அச்சிட்டபோது அந்த வரி இல்லை. இடத்தை மிச்சப்படுத்த நீக்கியிருப்பார்கள் என்று அப்போது தன்னைத் தேற்றிக்கொண்டாள். கேசட்டில் இருக்கும். விளையாட்டை ஓட்டினால் தெரியாது. நிரலைத் திரையில் காட்டச் சொன்னால் தெரியும். ஒரே ஒரு கட்டளை போதும்.

தட்டப்போகிறாளா என்பது காரை விட்டு இறங்கும்போதும் அவளுக்குத் தெரியவில்லை.

உள்ளே ஐம்பது வயது ஆண்கள் வெள்ளை திஷ்தாஷா அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஜாய்ஸ்டிக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தோற்றுப்போய், பொத்தான் சரியில்லை என்று சத்தியம் செய்தார். கூடம் முழுக்க ஏலக்காய் டீயின் வாசனை.

"வந்துட்டாங்க மகாராணி!" என்றான் மிஷாரி. "மூணு மணிக்கு வரச் சொன்னேன். இப்ப நாலு."

"வண்டி நிறுத்த இடம் கெடைக்கல."

"வாசல்லயே பாதி இடம் காலியா கெடக்கு. கேசட்டக் குடு. குடுத்துட்டு ஒரு எடத்துல உக்காரு."

"நிக்கிறேன்."

"நீ என்னிக்கு உக்காந்த?"

மேசை மேல் அவர்கள் வீட்டில் இருந்தது போலவே ஒரு கணினி. அரபு எழுத்துப் பொறித்த விசைகள். பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டர். முன்னால் கெட்டி அட்டையில் மிஷாரியின் பெயரும் 1988 என்றும் அச்சிட்டு நிறுத்தியிருந்தார்கள். சபீக்கா அதைப் படித்தாள். வேறு பக்கம் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

யஅகூப் கேசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினார். இரைச்சல் ஆரம்பித்தது. அரை நிமிடத்தில் திரையில் பிழை என்று வந்தது. சுற்றி மறுபடி போட்டார். பிழை. ஒலியைக் கூட்டினார், குறைத்தார். பிழை.

"அபூ பர்ராக், கேசட் மௌத்தாயிருச்சு," என்றார் யஅகூப், மிஷாரியை மகன் பேரால் அழைத்து. "அதோட மிச்ச ஆயுசு உங்களுக்கு வரட்டும்."

"அட, நல்லாப் பாருங்க யஅகூப்!"

மிஷாரியிடம் வேலை பார்க்கும் துஐஜ் டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினான். டேப்லெட் விளையாட்டை எழுதியவன் அவன்தான். "விடுங்க சார். இதுல தொட்டா ஓடுது. எதுக்கு இந்தப் பாடு?"

"தொட்டா ஓடுறதுல என்ன இருக்கு?" என்றார் யஅகூப். "ஆறு நிமிஷம் காத்திருந்து, கடைசி நொடியில பிழைன்னு வந்து, செவுத்துல முட்டிக்கணும். அதுதாம்ப்பா வெளையாட்டு."

சிரித்தார்கள். சபீக்கா சிரிக்கவில்லை. அவள் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கீச்சிட வேண்டிய அது கீச்சிடவில்லை. போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல மந்தமாக இருந்தது. கேசட் சாகவில்லை. இந்த ரெக்கார்டர் நேராக இருக்கிறது, அவ்வளவுதான். அவர்கள் வீட்டு ரெக்கார்டர் நேராக இருந்ததில்லை. ஒருநாள் ஒயரில் கால் தடுக்கி அவள்தான் அதைக் கீழே தள்ளினாள். நாடாவைத் தொடும் தலை கோணிக்கொண்டது. கடையில் வாங்கிய கேசட் எதையும் அதற்குப் பிறகு அது படிக்கவில்லை. கோணல் தலை பதிந்ததை அந்தக் கோணல் தலைதான் படிக்கும்.

சும்மா இருந்துவிடலாம். கேசட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அவள் கால்கள் வாசல் வரை போய்த் திரும்பி வந்தன.

"சின்ன ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

யஅகூப் ரெக்கார்டரைக் கையால் மறைத்தார். "எதுக்கு சகோதரி? இது ஜப்பான்லேர்ந்து வந்தது. கழட்டவே விட மாட்டேன்."

"கழட்ட மாட்டேன். தலைகிட்ட ஒரு திருகு இருக்கு. கொஞ்சம் திருப்பணும்."

"எவ்வளவு?"

"காதுக்குத் தெரியும்."

"குடுங்க," என்றான் மிஷாரி. "அன்னிக்குத் தள்ளி உடைச்சவளும் இவதான். இவளுக்குத்தான் தெரியும்."

அவள் கணினிக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி, இரைச்சலை வெளியே கேட்க விட்டாள். குனிந்தாள். கால் சுற்று இடப்பக்கம். இன்னும் மந்தம். இன்னும் கொஞ்சம். பின்னால் யாரோ காதைப் பொத்திக்கொண்டார்கள். இன்னும் ஒரு மயிரிழை. சட்டென்று சத்தம் கூர்மையாகி, கண்ணாடியைக் கீறுவது போலக் கூடத்தைக் கிழித்தது. கையை எடுத்தாள்.

ஒயரைச் செருகிவிட்டு முதலிலிருந்து போட்டாள். ஆறு நிமிடம். மற்றவர்கள் டீ குடித்தார்கள். அவள் மேசையைச் சுற்றி நடந்தாள்.

"தலை சுத்துது, உக்காரும்மா," என்றான் மிஷாரி. அவள் உட்காரவில்லை.

ரெக்கார்டர் நின்றது. பிழை இல்லை. கட்டளைக்குக் காத்திருக்கும் சின்னக் கட்டம் கண் சிமிட்டியது. கூடத்தில் கை தட்டினார்கள்.

"ஓட்டு, ஓட்டு!" என்றான் மிஷாரி. தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "இத எழுதும்போது எனக்குப் பதினாலு வயசு..."

அவள் விரல்கள் விசைகளைத் தேடவில்லை. நிரலைக் காட்டும் கட்டளையைத் தட்டினாள்.

வரிகள் மேலேறின. நிறுத்தினாள். முதல் வரி பத்து. விளையாட்டின் பெயர். அடுத்த வரி முப்பது.

மறுபடி பார்த்தாள். பத்து. முப்பது. நாற்பது.

எழுதியதாக அவளே கற்பனை செய்துகொண்டாளா? முப்பத்தாறு வருடமாக இல்லாத ஒரு வரியையா காத்து வைத்திருந்தாள்? கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

துஐஜ் திரைக்கு அருகே வந்தான். "சார், இதத்தான் மூணு மாசமா கேக்குறேன். நீங்க அப்புறம் சொல்றேன்னுட்டே இருக்கீங்க. எல்லா வரியிலயும் இருநூத்தி அம்பத்தஞ்சுலேர்ந்து கழிச்சிருக்கீங்களே, ஏன்? படகு, கயிறு, ஜெல்லி மீன், எல்லாத்துக்கும். நேரா எண்ணப் போட்டா முடிஞ்சுதே."

"அது... அந்தக் காலத்துக் கணினி," என்றான் மிஷாரி. "அப்படித்தான் எழுதணும்."

"இல்லையே," என்றார் யஅகூப். "நானும் அப்ப எழுதியிருக்கேன். அப்படியெல்லாம் இல்ல."

மிஷாரி திரையைப் பார்த்தான். திரையின் மேலே, பத்துக்கும் முப்பதுக்கும் நடுவே, அவன் பார்வை நின்றது.

"வலப்பக்கத்துலேர்ந்து எண்ணிட்டேன்," என்றாள் சபீக்கா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் குரல் சின்னதாகத்தான் வந்தது.

"கட்டம் போட்ட நோட்டுல படம் வரைஞ்சு எண்ணினேன். நம்ம அரபு எழுத்து வலப்பக்கத்துலதானே தொடங்குது, புள்ளியும் அப்படித்தான்னு நெனச்சேன். ஓட்டிப் பாத்தா படகு தப்பான பக்கத்துல நிக்குது. நோட்டுல எல்லாத்தையும் திருப்பி எண்ணப் பொறுமை இல்ல. திரையோட கடைசிப் புள்ளி இருநூத்தி அம்பத்தஞ்சு, அதனால அதுலேர்ந்து கழிச்சுட்டேன்."

துஐஜ் டேப்லெட்டை மெல்லக் கீழே வைத்தான். யஅகூப் அட்டையைப் பார்த்தார், அப்புறம் மிஷாரியைப் பார்த்தார்.

"இருபதாம் வரிய நான்தான் அழிச்சு, இதுலயே மறுபடி பதிஞ்சேன்," என்றான் மிஷாரி. அவளிடம் மட்டும் சொல்வது போல. "குடுக்கறதுக்கு முந்தின நாள். நீ ஸ்கூலுக்குப் போயிருந்த."

"உனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"இல்ல. இப்பப் பாத்ததும்தான்."

நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கைப்பையோடு நின்றாள். பிறகு விசைப்பலகைக்குக் குனிந்து இருபது என்று தட்டினாள். குறிப்பு என்பதற்கான கட்டளை. தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். ஒரு எழுத்து தவறியது, அழித்துத் தட்டினாள். நிரலைக் காட்டச் சொன்னாள். பத்துக்கும் முப்பதுக்கும் நடுவே இருபது போய் உட்கார்ந்திருந்தது.

"கரண்ட் போனா போயிரும்," என்றான் மிஷாரி. "பதியணும்."

கேசட்டை வெளியே எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தான். மேல்பதிவு ஆகாமலிருக்க அந்தக் காலத்திலேயே உடைத்துவிட்ட பல், அங்கே ஓட்டையாக இருந்தது. அதை அடைத்தால்தான் பதியும். சுற்றிலும் பார்த்தான். ஒட்டும் நாடா இல்லை. மேசை மேலிருந்த அட்டையை எடுத்தான். அச்சிட்ட பெயரின் நடுவே கிழித்து, துண்டை மடித்து மடித்து ஓட்டைக்குள் திணித்தான்.

"இந்தா," என்றான். "நீயே அழுத்து."

அவள் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். நாடா சுற்ற ஆரம்பித்தது. ஆறு நிமிடம் ஆகும். அவள் மேசையைச் சுற்றி நடந்தாள்.