வெயிலுக்குக் காத்திருந்த மொட்டுகள்

கேளுங்கள் செல்லங்களா, ஒரு தையல்காரி தன் வாடகை வீட்டு முற்றத்தில் காட்டுப்பூ விதைகளைத் தூவி, இரண்டு மாதமாகத் தண்ணீர் ஊற்றி வந்தாள். வெயில் சுள்ளென்று விழுந்தால்தான் விரிகிற பூக்கள் அவை. அன்று காலை எட்டரைக்கே, பக்கத்து வீட்டில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் புல்வெட்டும் ஆளோடு வந்து நின்றார்.

"இது தோட்டமாம்மா? பாம்பு வந்து குடும்பம் நடத்தும். வெட்டுப்பா!"

"அண்ணே, மொட்டு வந்திருச்சு. ஒன்பது மணி வரைக்கும் பொறுங்க, பூத்துடும்."

"பூ என்ன ஆபீஸுக்கா போகுது, மணி பாத்து வர?"

ஆள் இயந்திரத்தின் கயிற்றை இழுத்தான். அது இருமிவிட்டு அடங்கியது. தையல்காரி அவசரமாகச் சொந்தக்காரர் பக்கம் திரும்பினாள்.

"உங்க பூசணி பிஞ்சு பிஞ்சா வெம்பி உதிருதுன்னு அண்ணி அழுதாங்களே. தேனீ வராம எப்படிண்ணே காய் பிடிக்கும்? இது பூத்தா தேனீ வரும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்பது. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

ஒன்பது ஆயிற்று. வெயிலை மறைத்திருந்த மேகம் அசையவில்லை. அவர் கையைக் காட்ட, இயந்திரம் உறுமியது. அவள் வெறுங்காலோடு செடிகளுக்கு முன்னால் போய் நின்றாள்.

அப்போதுதான் வெயில் விழுந்தது. மஞ்சளும் ஊதாவுமாக மொட்டுகள் ஒவ்வொன்றாய் விரிந்தன. எங்கிருந்தோ ஒரு தேனீ வந்து நாலு பூவில் உட்கார்ந்து, மதில் தாண்டிப் பறந்தது. சொந்தக்காரர் மதிலருகே ஓடி எக்கிப் பார்த்தார். திரும்பாமலே கையை ஆட்டினார்.

"நிறுத்துப்பா அதை! நம்ம பூசணிப் பூவுக்குள்ள போயிருக்கு."