சூடான கை

கத்தி தரையில் விழுந்த சத்தம் கேட்டதும், அடுக்களையில் முட்டை சுருட்டிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது.

எனக்கு நினைவு தெரிந்து அப்பாவின் கையிலிருந்து கத்தி நழுவியதே இல்லை.

"என்ன டோகுஜி, கத்திக்குக் கால் முளைச்சிடுச்சா?" என்றது ஓகுமாவின் குரல். மீன் ஏலத்தில் கூவிக் கூவியே தொண்டை கட்டிப்போன மனிதர். ஓய்வுபெற்ற பிறகு எங்கள் கடையின் மூலை நாற்காலி அவருக்கே சொந்தம்.

"உன் மூஞ்சியைப் பார்த்து ஓடுது" என்று அப்பா சிரித்தார். சிரிப்பில் சுரத்தே இல்லை.

திரைத்துணியை விலக்கிப் பார்த்தேன். ஹகாட்டா துறைமுகத்துக்குப் பின்னால் சந்துக்குள் இருக்கிற சின்ன சுஷிக் கடை எங்களுடையது. ஏழு பேர் உட்கார்ந்தால் எட்டாவது ஆள் வெளியே மழையில் நிற்க வேண்டியதுதான். அன்று ஓகுமாவைத் தவிர, பூசானிலிருந்து கப்பலில் வந்த கொரியத் தம்பதி மட்டும்தான் இருந்தார்கள். கணவருக்கு ஜப்பானிய மொழி சுத்தமாகத் தெரியாது. மனைவி சொன்ஹ்வா தட்டுத் தடுமாறிப் பேசினாள்.

அப்பா வேறு கத்தியை எடுத்து மீனை நறுக்கினார். சோற்றைப் பிடித்து, மேலே மீனை வைத்து அழுத்தி, அவள் முன்னால் வைத்தார். அவள் எடுத்ததுமே சோறு உதிர்ந்து பலகையெல்லாம் சிதறியது.

"பரவாயில்ல, பரவாயில்ல" என்று அவள் சோற்றைப் பொறுக்கினாள். அப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது.

சென்ற குளிர்காலத்திலிருந்தே அவருடைய வலது கை சொன்ன பேச்சு கேட்பதில்லை. சோறு வடித்து வினிகர் கலப்பது, மீனைச் செதில் நீக்கிக் கழுவுவது, முட்டை சுருட்டுவது எல்லாம் நான்தான். ஆனால் வாடிக்கையாளர் எதிரில் நின்று சுஷி பிடிப்பது மட்டும் என் வேலையில்லை. "பொம்பளை கை சூடு. மீன் வெந்துடும்" என்பார் அப்பா. தாத்தாவும் அதையேதான் சொன்னாராம். தம்பி ரியோஹேயின் கை குளிர்ச்சிதான். ஆனால் அவன் மீன் நாற்றம் தாங்காமல் ஒசாகாவில் செல்போன் விற்கிறான்.

"இந்தக் கை எப்ப ஓயுதோ, அப்ப யாரு நிக்கறதுன்னு பார்த்துக்கலாம்" என்று அப்பா ஒருமுறை சொன்னார். 'யாரு' என்றாரே, 'ரியோஹே' என்று சொல்லவில்லையே! அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் காத்திருந்தேன். பல வருஷமாக என் மதியச் சாப்பாடே நான் பிடித்துப் பிடித்துப் பழகிய சோறுதான்.

ஐஸ் தண்ணீரில் இரண்டு கையையும் மரத்துப்போகும்வரை முக்கினேன். துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"அப்பா, நீங்க கொஞ்சம் டீ குடிங்க. நான் பார்த்துக்கறேன்."

விருந்தாளி எதிரில் அவரால் கத்த முடியாது. ஒதுங்கி நின்றார்.

முதலில் கணவாய். கணவருக்கு ஒன்று வைத்தேன். சொன்ஹ்வாவுக்கு வைக்கும்போது மட்டும் அதன் முனையை மறுபக்கம் திருப்பி வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். தன் இடது கையைப் பார்த்தாள்.

"நான் இடது கைன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"டீயை அந்தக் கையாலதான எடுத்தீங்க?"

அவள் கணவரிடம் கொரிய மொழியில் ஏதோ படபடவென்று சொன்னாள். அவர் எழுந்து எனக்கு ஒரு கும்பிடு போட்டார். அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஓகுமா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "எனக்கு இன்னிக்கு இது போதும் டோகுஜி. பொண்ணு கை பட்டதைத் தின்னு வயித்தைக் கெடுத்துக்க முடியாதுப்பா."

"அவர் என்ன சொல்றார்?" என்றாள் சொன்ஹ்வா.

"வயிறு நிறைஞ்சிடுச்சாம்" என்றேன்.

அடுத்தது, உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்த கானாங்கெளுத்தி. அப்பாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மீன். சொன்ஹ்வா வாயில் போட்டாள், கண்ணை மூடினாள். கண்ணைத் திறந்து, பலகையில் மீதமிருந்த ஒன்றை அப்பா பக்கம் நகர்த்தினாள்.

"ஐயா, இது நீங்க சாப்பிடணும். எனக்காக."

எங்கள் ஊரில் விருந்தாளி நீட்டியதை மறுத்துவிட்டு அந்தக் கடையில் மறுபடி தலை நிமிர்ந்து நிற்க முடியாது. அப்பா எடுத்தார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார்.

"இன்னொண்ணு பிடி" என்றார்.

பிடித்தேன். அதை அவர் தன் கையாலேயே ஓகுமா முன்னால் வைத்தார். "உட்காருய்யா. தின்னு பார்த்துட்டு அப்புறம் பேசு."

முணுமுணுத்துக்கொண்டே ஓகுமா வாயில் போட்டுக்கொண்டார். பிறகு அவர் தாடை மெதுவாக அசைந்தது.

"கையில நிக்குது, நாக்குல உதிருது" என்றார் வேண்டாவெறுப்பாக. "நல்ல காலத்துல நீ பிடிச்ச மாதிரியே இருக்கு, போ. சனியன்!"

அதன் பிறகு நான் என்னென்ன பிடித்தேன் என்று நினைவில்லை. கால் தரையில் பாவவில்லை. கிளம்பும்போது சொன்ஹ்வா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, பனிக்கட்டி மாதிரி இருக்கே! அடுத்த வருஷமும் வருவோம். நீங்க இங்கேதான நிப்பீங்க?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் அவர்களுக்கு இடுப்பு வரை வளைந்து வணங்கினார். "கட்டாயம் வாங்க" என்றார்.

அவர்கள் போனார்கள். பின்னாலேயே ஓகுமாவும் குடையை விரித்துக்கொண்டு போனார். அப்பா தன் வெள்ளைச் சட்டையின் முடிச்சை அவிழ்த்தார். கடையில் நிற்பவர் மட்டும் போடுகிற சட்டை அது. அவரைத் தவிர யாரும் அதைத் தோளில் போட்டு நான் பார்த்ததில்லை. அதைப் பக்குவமாக மடித்து என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டேன். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா என்னைப் பார்த்துப் பேசினார். இத்தனை கனிவாக அவர் என்னிடம் பேசியதே இல்லை.

"துவைச்சு இஸ்திரி போட்டு வை மிசாவோ, அடுத்த வாரம் ரியோஹே வேலையை விட்டுட்டு வரான், சோறு எப்படிப் பிடிக்கறதுன்னு நீயே அவனுக்குச் சொல்லிக் குடுத்துடு."