'போதாது' என்று சொன்ன சட்டைகள்

எங்கள் தெருத் தையல்காரி தைத்த துணிகள் பேசும். பெரிதாக ஒன்றுமில்லை, கையைத் தூக்கினால் அக்குள் தையலிலிருந்து 'போதாது' என்று ஒரே ஒரு சொல். துவைத்தால் கொஞ்சம் அடங்கும், காய்ந்ததும் பழையபடி. கடையில் வாங்கிய சட்டைகள் வாயே திறப்பதில்லை என்பதால் எங்களுக்கு முதலில் நூலின் மேல் சந்தேகம். நூலை மாற்றினாள். பிறகு மெஷின் எண்ணெயின் மேல். அதையும் மாற்றினாள். கடைசியில் சந்தேகம் எங்கே போய் உட்கார வேண்டுமோ அங்கே உட்கார்ந்தது: அவள் புருஷன் மேல்.

புருஷன் பஸ் கண்டக்டர். ஊரே கையைத் தூக்கிக் கம்பியைப் பிடிக்கிற இடத்தில் அந்த மனுஷனுக்கு வேலை, தலையெழுத்து. ஒருநாள் எட்டரை வண்டியில் இருபது அக்குள்கள் ஒரே குரலில் 'போதாது' என்றன. "என்ன கண்டக்டரே, வீட்டுல என்ன போதலையாம்?" என்றார் பின்சீட்டுக்காரர். அது யாரென்று தெரியும், நமக்கெதற்கு வம்பு.

"நான் போதாதுன்னு ஊருக்கே தச்சுக் குடுக்கிறியா?"

"உங்களப் பத்தி நினைக்க எனக்கேது நேரம்? காலர் கோணிக்கிச்சு, பிரிச்சேன். அவ்வளவுதான்."

அன்றிரவு அவர்கள் வீட்டுச் சண்டை சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது. கண்டக்டர் நம்பவில்லை, நாங்களும்தான். பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, எனக்கொரு சட்டை தை, அது வாயைத் திறந்தால் நான் கிளம்புகிறேன் என்றார்.

ஒரு மணி நேரத்தில் தைத்து எறிந்தாள். எதையும் பிரிக்கவில்லை, வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. கண்டக்டர் கையைத் தூக்க, தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. சட்டை மூச்சு விடவில்லை. பெட்டி உள்ளே போனது. நான்காம் நாள் அதே வண்டியில், அந்தச் சட்டையின் வலது கை தோளோடு கழன்று பின்சீட்டுக்காரர் மடியில் விழுந்தது, சத்தமே இல்லாமல்.

அன்று மாலை கண்டக்டர் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். "ஊருக்குத் தைக்கிற மாதிரி எனக்கும் ஒண்ணு தை." அவள் காலரை நான்கு முறை பிரித்தாள். ஒவ்வொரு முறையும் 'போதாது' என்று அவள் உதடு அசைந்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், கொஞ்சம் சந்தேகம் மிச்சம் வைத்து.

நல்ல வேலைக்கு எங்கள் தெருவில் இப்போது 'போதாது' என்றுதான் பெயர். பூசிய சுவரைத் தடவி, "நல்ல போதாது இருக்குய்யா" என்றால் கொத்தனாருக்குத் தலைகால் புரியாது. எட்டரை வண்டியில் முதலில் ஆரம்பிப்பது கண்டக்டரின் சட்டைதான். "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று அதனிடம் சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழிக்கிறார். "உள்ள தள்ளி நில்லுங்க."