பதினேழு டப்பி, ஒரு பேலட்

இருந்தவர்கள்: தமிழ்ச்செல்வி, சேந்தமங்கலத்தில் பியூட்டி பார்லர் நடத்துபவள். தீபிகா, அவளிடம் வேலை பார்ப்பவள். சென்னியம்மாள், மணப்பெண்ணின் அம்மா. காலையில் பத்து நிமிடம், மதியம் ஒரு நிமிடம். நான், கல்யாண வீட்டுக்கு வாடகைக் கார் ஓட்டியவன். மணப்பெண் நித்யஸ்ரீ கதைக்குள் வரமாட்டாள். நடந்ததெல்லாம் அவள் கண் இமைக்காகத்தான்.

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டுக் கிடைத்தது. வாடகைக் கார் ஓட்டுபவனுக்குக் காத்திருப்பது புதிதில்லை. சென்னியம்மாளை இறக்கிவிட்டு வாசலில் நின்றேன். பார்லர் கதவு திறந்திருந்தது.

முதல் தொடக்கம்: வெயிலில் கொல்லிமலை நீலமாக

அடித்துவிட்டேன். அன்றைக்கு யாரும் மலையைப் பார்க்கவில்லை.

இரண்டாம் தொடக்கம்: கணவனை இழந்த தமிழ்ச்செல்வி

இதையும் அடித்தேன். ஆனால் விஷயம் அதுதான். அவள் கணவன் அறிவு இறந்து இரண்டு வருடமாகிறது. எப்படிப் போனான் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.

2

"தப்பா நெனச்சுக்காத சாமி," என்றாள் சென்னியம்மாள், தமிழ்ச்செல்வியிடம். "எனக்கு ஒண்ணுமில்ல. சம்பந்தி ஊட்டுலதான் நீ பொண்ணத் தொட வேண்டாங்கறாங்க. தீபிகாவ மட்டும் அனுப்பு. அவளுக்குப் புருசன் இருக்கறானில்ல?"

"இருக்கறானுங்க," என்றாள் தீபிகா. "இருந்து என்ன பண்றான்னு மட்டும் கேக்காதீங்க."

சென்னியம்மாள் மட்டும் கொஞ்சம் சிரித்தாள்.*

"செரிங்கம்மா," என்றாள் தமிழ்ச்செல்வி.

* சம்பந்தி வீட்டில் உண்மையில் அப்படிச் சொன்னார்களா, தெரியாது. இந்த மாதிரிப் பேச்சு எப்போதும் அடுத்த வீட்டிலிருந்துதான் வரும்.

3

வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது வாய்வழியாக வரும் தொழில். ஒரு மண்டபத்தில் வேண்டாம் என்றால் அடுத்த மண்டபத்திலும் வேண்டாம் என்பார்கள். தமிழ்ச்செல்வி இழப்பது ஒரு நாள் வேலையை மட்டும் இல்லை.

கண்ணுக்குப் பூசும் நிறங்கள் அவளிடம் பதினேழு தனித்தனி டப்பிகளில் இருந்தன. எது எங்கே என்பது அவள் கைக்கு மட்டும் தெரியும். தீபிகா தனியாகப் போவதென்றால் எல்லாம் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். எல்லா நிறத்தையும் ஒன்றாக அடுக்கிவைக்க, அலமாரியில் பிரிக்காமல் கிடந்த காந்தம் பதித்த காலிப் பேலட்டைத் தமிழ்ச்செல்வி எடுத்தாள்.

முடியை நேராக்கும் மெஷினைச் சூடாக்கி, அதன்மேல் டப்பியை வைத்தாள். அடியிலிருந்த பசை இளகியதும் ஊசியால் நெம்பினாள். நிறத்தோடு சின்னத் தகரத் தட்டு மேலே வந்தது. பின்பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்து பேலட்டில் வைத்தால் காந்தம் பிடித்துக்கொண்டது. அலுமினியத் தட்டு நான்கு, ஒட்டவில்லை. அவற்றின் அடியில் துண்டுத் தகரம் ஒட்டினாள். செம்பு நிறம் உடைந்து பொடியானது. நாலு சொட்டு ஸ்பிரிட் விட்டுக் குழைத்து, துணி வைத்து நாணயத்தால் அமுக்கினாள்.

[இங்கே இரண்டு பழுப்பு நிறங்களை அவள் வேண்டுமென்றே இடம் மாற்றி வைக்கிறாள் என்று எழுதியிருந்தேன். வைக்கவில்லை. அந்தப் புத்தி என்னுடையது. அழவைக்கவும் பார்த்தேன். அதுவும் நடக்கவில்லை.]

"இடது பக்கத்துல இருந்து வரிசையாப் பூசிட்டே வா."

"வரிசை தெரிஞ்சா போதுமாக்கா? இமைகிட்டப் போனாலே எனக்குக் கை நடுங்குது."

"பழகிக்க."

"அந்தப் புள்ள கண்ணுலயா பழகறது?" தீபிகா பேலட்டை மூடினாள். "நீங்களும் வாங்க. நான் மேக்கப்காரி, நீங்க பொட்டி தூக்கறவங்க. பொட்டி தூக்கறவளுக்குப் புருசன் இருக்கறானான்னு எவ கேப்பா?"

தமிழ்ச்செல்வி மெஷினை அணைத்தாள். அது ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியைத் தூக்கினாள்.

4

கல்யாண மண்டபம் நாமகிரிப்பேட்டையில். அவர்களை ஏற்றிக்கொண்டு போகும் வழியில் நான் மூன்று முடிவு யோசித்தேன்.

அ) சென்னியம்மாள் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறாள்.

ஆ) உள்ளே போகிறார்கள். தீபிகாவின் கை நடுங்காமல் நிற்கிறது. தமிழ்ச்செல்வி பக்கத்தில் நின்று நிறத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கிறாள்.

இ) தமிழ்ச்செல்வியே பூசுகிறாள்.

'அ' நடக்கவில்லை என்று மட்டும் என்னால் சொல்ல முடியும். மற்ற இரண்டில் எது என்பதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். பெண் அறைக்குள் கார் டிரைவரை விடமாட்டார்கள். தீபிகாவைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

5

நான் பார்த்தது இவ்வளவுதான். மதியம் மூன்று மணி. மணப்பெண் அறை வாசலில் சென்னியம்மாள் நின்றாள். நகை இருக்கிற அறை, சாவி அவளிடம். தீபிகா முதலில் உள்ளே போனாள். பின்னால் பெட்டியோடு தமிழ்ச்செல்வி. சென்னியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். தமிழ்ச்செல்வி தலையைக் குனியவில்லை.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் தட்டோடு வந்தார். "இது யாருங்க?"

"பொட்டி கொண்டாந்த பொண்ணுங்க," என்றாள் சென்னியம்மாள்.

"அப்ப வெச்சுட்டு வரட்டும்."

"அது இருக்கட்டுங்க. உள்ள வேலை கெடக்குது."

சொல்லிக்கொண்டே தமிழ்ச்செல்வியின் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாள். கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.