வளைவில் அடித்த ஆணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் போட்ட தண்டவாளத்தில் ஒரு குறையும் இல்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் ஓர் அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐந்து பேர் கூடிப் பொம்மை ரயில் ஓட்டுகிறோம். பொம்மை என்று சொன்னால் எங்கள் சங்கச் செயலாளருக்குக் கோபம் வரும். அதனால்தான் அப்படிச் சொல்கிறேன். நாலு ஆண்கள், நான் ஒருத்தி. செயலாளர் கதவு ஜன்னல் செய்கிறவர். என் கணவரும் அந்த நாலு பேரில் ஒருவர், மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். எங்காவது சண்டை கிளம்பினால் போதும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். நான் தையல்கடையில் துணி வெட்டுகிறவள்.

அறையின் ஜன்னல் மூலையில் ஸ்டேஷன் கட்டும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. சும்மா கிடைக்கவில்லை. மூன்று வருஷம் அட்டை மலைமேல் நிற்கும் குட்டி மரங்களுக்குப் பச்சை அடித்த பிறகு கிடைத்தது.

ஸ்டேஷனில் ஏழு பெட்டி வண்டி முழுசாக நிற்க வேண்டும். ஒரு பாதை இரண்டாகப் பிரிகிற இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். நேர் பாயிண்ட் வாங்கினால், வளைவு முடிந்த பிறகுதான் அதை வைக்க முடியும், பிளாட்பாரத்தில் ரெண்டு பெட்டி நீளத்தை அதுவே விழுங்கிவிடும். வளைந்த பாயிண்ட் என்றால் வளைவிலேயே பாதை பிரிந்துவிடும். இது புரிய பெரிய மூளையெல்லாம் வேண்டாம். கடையில் ரெண்டு அளவு இருந்தது. சின்னதை நான் தொடவில்லை, அதன் உள்பக்கத்து வளைவில் எங்கள் நீள இன்ஜின் திணறும். பெரியதைத் தாளில் வரைந்து, சட்டைக்குக் கைக்குழி வெட்டுவதுபோல வெட்டி, பலகைமேல் நாலு நாள் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். அப்புறம்தான் வாங்கினேன். ஆணியே அடிக்கவில்லை. பசைமேல் பதமாக உட்காரவைத்து, காயும்வரை மேலே கனமான புத்தகங்களை அடுக்கினேன். பிறகு ஓட்டிப் பார்த்தேன். முப்பது தடவை போய் வந்தது, ஒரு சக்கரம்கூட இறங்கவில்லை. பக்கத்தில் நின்று எண்ணியவர் என் கணவர். கடைசியாகப் பொடி ஜல்லியையும் தூவிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு கடையில் வேலை, போக முடியவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு போனால், என் பாயிண்டின் மேல் இன்ஜின் குப்புறக் கிடக்கிறது.

"பாத்தியா தங்கச்சி? வளைவுல பாயிண்ட் வைக்காதேன்னு அப்பவே சொன்னேன்," என்றார் செயலாளர்.

"முப்பது தடவை ஓடுச்சே!"

"நீ மட்டும் ஓட்டிப் பாத்தா எல்லாம் ஓடும்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிடுங்கிட்டு நேர் பாயிண்டே போட்டுடலாம். இந்த மூலையை நான் பாத்துக்கிறேன். நீ மரத்தைப் பாரு, உனக்கு அதுதான் கைவந்த வேலை," என்றார் செயலாளர். மற்ற ரெண்டு பேரும் தலையாட்டினார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

குனிந்து பார்த்தேன். தண்டவாளத்தைத் தாங்கும் குட்டிக் கட்டைகளின் நடுவில் பளபளவென்று ஆணித் தலைகள்! இறுக்கி அடித்ததில் கட்டையின் நடுப்பகுதி அமுங்கி, ரெண்டு தண்டவாளமும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருந்தன. அந்த நெருக்கத்தில் சக்கரம் மேலே ஏறாமல் என்ன செய்யும்?

"யாரு இதுல ஆணி அடிச்சது?"

என் கணவர் கண்ணாடியின் மறுபக்கத்தைத் துடைத்தார்.

"யாரு அடிச்சா என்ன? ஆணி அடிச்சா உறுதியாத்தானே நிக்கும்," என்றார் செயலாளர்.

"இது உங்க கதவு இல்ல!"

இடுக்கியை எடுத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஐந்து ஆணி. கட்டைகள் நிமிர்ந்தன. வண்டியை விட்டேன். இன்ஜின் வளைவில் நுழைந்தது, பாயிண்டின் பாதி தூரத்தைத் தாண்டியது, கடைசிக் கட்டைகளுக்கு வந்ததும் மறுபடி சாய்ந்து விழுந்தது.

"போதும்மா, வீம்பு பிடிக்காதே," என்று செயலாளர் தண்டவாளம் வெட்டும் கட்டரைக் கையில் எடுத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர்கள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது என் கணவரின் கை நீண்டது. பாயிண்டின் கோடியில், உள்பக்கத்தில், ஜல்லியை விரலால் ஒதுக்கினார். அங்கே ஆறாவது ஆணி. அவர் அதைத் தேடவே இல்லை. நேராக அந்த இடத்துக்கே போனது விரல்.

செயலாளர் சொல்லியிருப்பார், இவர் சுத்தியலை எடுத்திருப்பார். எனக்கு உதவி என்றுகூட நினைத்திருப்பார். அதை நான் மன்னித்துவிடுவேன். இத்தனை நேரம் நான் பேச்சு வாங்கியதைக் கண்ணாடி துடைத்துக்கொண்டே பார்த்தாரே, அதை?

"விரல் வேணாம். வாயால சொல்லுங்க," என்றேன்.

"நான்தான் அடிச்சேன்."

"எல்லாருக்கும் கேக்கணும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆறையும் நான்தான் அடிச்சேன். அண்ணன் அடிக்கச் சொன்னாரு. இவ போட்டது சரியாத்தான் இருந்துச்சு. முப்பது தடவை ஓடுச்சு, நான்தான் நின்னு எண்ணினேன்."

இடுக்கியை நீட்டினேன். முட்டி போட்டு அவரே பிடுங்கினார். வண்டியை விட்டோம். வளைவில் திரும்பி, என் பாயிண்டைத் தாண்டி, ஏழு பெட்டியும் பிளாட்பாரத்துக்குள் வந்து நின்றன.

யாரும் கைதட்டவில்லை. செயலாளர் கட்டரைப் பெட்டியில் வைத்தார். நான் பச்சைச் சாய டப்பாவைக் கொண்டுவந்து, செயலாளருக்கு ஒரு பிரஷ்ஷும் என் கணவருக்கு ஒரு பிரஷ்ஷும் கொடுத்தேன். மலைமேல் இன்னும் இருபது மரம் பாக்கி இருந்தது.