நூற்று எண்பத்தொன்று

கணினி அறையைப் பிடுங்கிக்கொள்ள ஹெச்.எம். பிரசன்னா டீச்சர் நாள் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக் கலைவிழாவான கலோற்சவத்துக்குப் பெண்பிள்ளைகள் திருவாதிரைக்களி ஆடி ஒத்திகை பார்க்க வேறு இடமில்லையாம்.

"கணக்குக்கு எதுக்கு டீச்சரே கம்ப்யூட்டர்? சாக்பீஸ் போதாதா? இன்னிக்கு உங்க வகுப்பைப் பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எட்டாம் வகுப்பு. திரையில் முக்கோணம். முனையைப் பிடித்து எப்படி இழுத்தாலும் மூன்று கோணமும் சேர்ந்து நூற்றெண்பது டிகிரி. பிள்ளைகள் மாற்றி மாற்றி இழுத்துக் கூட்டினார்கள்.

நஜ்லாவின் முறை வந்தது. "டீச்சரே, எழுபத்தொண்ணு, அம்பத்தஞ்சு, அம்பத்தஞ்சு. நூத்தியெண்பத்தொண்ணு வருதே!"

"ஒழுங்கா கூட்டு."

"கூட்டியாச்சு டீச்சரே."

"கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்!" என்றான் அதுல். வகுப்பே சிரித்தது.

நானும் கூட்டினேன். விரல் விட்டும் கூட்டினேன். அதே எண்தான். கம்ப்யூட்டர் தப்பென்றால் அறை போச்சு. கணக்கே தப்பென்றால் நானே போச்சு. நிமிர்ந்தால் வாசலில் ஹெச்.எம்.!

எதையோ சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தபோதுதான் உறைத்தது. தசமத்தைக் கண்டால் பிள்ளைகள் மிரளுவார்களென்று, கோணங்களை முழு எண்ணாகக் காட்டும்படி நான்தான் மாற்றி வைத்திருந்தேன். பழையபடி மாற்றினேன். 70.5, 54.6, 54.9. மூன்றையும் அடுத்த எண்ணுக்கு ஏற்றிவிட்டிருக்கிறது. கூட்டினால் சரியாக நூற்றெண்பது. அப்பாடா என்றிருந்தது.

நஜ்லா விடவில்லை. "அப்போ முன்னாடி நூத்தியெண்பது வந்ததுங்களும் ஏத்தி இறக்கிக் காட்டுனதுதானா?"

"ஆமா..."

"இந்தத் தசமத்துக்குப் பின்னாடியும் ஏதாச்சும் ஒளிஞ்சிருக்குமா?"

"இருக்கலாம்."

"அப்புறம் நூத்தியெண்பதுதான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

திரையைப் பார்த்தேன். அது காட்டும், ஏனென்று சொல்லாது. இத்தனை நாள் எனக்கே இது தோன்றவில்லையே என்று குழம்பிப்போனேன்.

வேறு வழியில்லை. ஹெச்.எம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாக்பீஸை எடுத்தேன். மானம் போனது. பலகையில் முக்கோணம் வரைந்து, மேல் முனை வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு இழுத்தேன். கீழேயிருந்த இரண்டு கோணங்களும் மேல் கோணத்துக்கு இரு பக்கமும் வந்து உட்கார்ந்து, மூன்றுமாக நேர்க்கோட்டை நிரப்பின.

"எந்த முக்கோணத்துக்கும் இப்படித்தானா?" என்றாள் நஜ்லா.

"எதுக்கும்."

"இதை நேத்தே போட்டிருந்தா, ஏன்னு கேக்காம நோட்டுல எழுதிட்டுப் போயிருப்பேன் டீச்சரே" என்று சிரித்தாள்.

திருவாதிரைக்களிப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஹெச்.எம். உள்ளே வந்தார். சரி, அறை போயே போச்சு என்று மேசையை ஒழிக்கத் தொடங்கினேன்.

"நீங்க வராந்தாவுல ஆடுங்க" என்றார் அவர் அந்தப் பெண்களிடம், திரும்பாமலே. "நஜ்லா, கொஞ்சம் தள்ளிக்கோ மோளே. அந்த நூத்தியெண்பத்தொண்ணை எப்படி வரவச்சே? எனக்கும் காட்டு."